கை தூக்கினால் யார் போவது

நான் வாயால் பிழைத்தவன். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்கு வேலை. கண்டாக்கு என்றால் மலையில் நின்று கொழுந்து பறிக்கிற பெண்களை மேய்க்கிற உத்தியோகம். 'மேய்க்கிற' என்று எழுதிவிட்டேன். அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் அந்தக் காலத்தில் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிர்மலையில் ஒருத்தி நிரை மாறிப் போனால் இந்த மலையிலிருந்தே சத்தம் போடுவேன். அவள் நின்றுவிடுவாள், அவளோடு சேர்ந்து பக்கத்து மலையில் நிற்கிறவர்களும் நின்றுவிடுவார்கள். என் சத்தம் வீடுவரைக்கும் கேட்கும் என்று மனைவி சொல்வாள். "நீங்க அங்க கத்துறது கேட்டாத்தான் நான் இங்க ஒலை வப்பேன்." அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு கழுத்தில் ஒரு கழலை வந்தது. அறுத்து எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகிற நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது, என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். உயிர் மிஞ்சியது. குரல் போய்விட்டது. பேசினால் காற்று வரும், பக்கத்தில் காதை வைத்தால் சொல் கேட்கும், அவ்வளவுதான். எல்லோரும் "ஆ? என்ன?" என்று கேட்பார்கள். இரண்டாவது முறை சொல்வேன். மூன்றாவது முறை எரிச்சல் வந்து எழுந்து போய்விடுவேன். கொஞ்ச நாளில் டவுனுக்குப் போவதை நிறுத்தினேன், பிறகு தேத்தண்ணிக் கடைக்குப் போவதையும் நிறுத்தினேன்.

அப்படி வீட்டிலேயே அடைந்து கிடந்தபோதுதான் நாய் வந்தது. எங்கள் பழைய மனேஜர் கொழும்புக்கு மாற்றலாகிப் போனார். அங்கே மாடி வீடு, நாய்க்கு இடமில்லை. இரண்டு வயதுக் கறுப்பு லெப்ரடோரை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நான் கேட்கவில்லை. மறுத்துச் சொல்லக் குரலும் இல்லை. "இந்தச் சனியனுக்கு யாரு சோறு வடிக்கிறது?" என்று மனைவி கேட்டாள், கேட்டுக்கொண்டே வடித்தாள்.

நாய் தினமும் காலையில் சங்கிலியை வாயில் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போடும். போகாமல் இருக்க முடியாது. அப்படித்தான் நான் மறுபடி ரோட்டுக்கு இறங்கினேன். எதிரில் வருகிறவர்கள் நாயைப் பற்றிப் பேசுவார்கள், நான் தலையாட்டினால் போதும். இரண்டு மாதத்தில் வேலைக்கே திரும்பிவிட்டேன். யார் என்ன சொன்னாலும் சரி, என்னை வீட்டிலிருந்து வெளியே இழுத்தது அந்த நாய்தான்.

வேலைக்குத் திரும்பியதும் சத்தத்துக்குப் பதிலாக என்ன செய்வது என்று கங்காணியோடு சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தேன். கையைப் பக்கவாட்டில் நீட்டினால் அந்தப் பக்கத்து நிரைக்கு மாறவேண்டும். கையை நேராக மேலே தூக்கினால் பறித்தது போதும், கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு, அதாவது மடுவத்துக்கு, வாருங்கள் என்று அர்த்தம். பெண்கள் ஒரே நாளில் பழகிவிட்டார்கள். இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் வீண் என்று அன்றைக்குத் தோன்றியது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது நாய் ஒரு வேலை செய்தது. அந்த ஜாதி நாய் எதையாவது கவ்விக்கொண்டு வந்து எசமானிடம் கொடுப்பதற்கென்றே பிறந்தது. வெளிநாட்டில் சுட்ட வாத்தைக் கவ்விக்கொண்டு வருமாம். எங்கள் மலையில் வாத்துக்கு எங்கே போவது? ஒருநாள் சங்கிலியை உருவிக்கொண்டு கொழுந்து மலைக்குள் புகுந்து, ஒரு பெண்ணின் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. ரொட்டியும் சம்பலும் அப்படியே இருந்தன, ஒரு பல் படவில்லை. ஆனால் நாய் மேல்நிரையிலிருந்து கீழ்நிரைக்கு ஓட, நான் பின்னால் ஓட, கூப்பிட வாயைத் திறக்க, காற்று வர, மலை முழுக்கச் சிரித்தது.

புது மனேஜர் சிரிக்கவில்லை. சின்ன வயசு, கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. தோட்டத்தைப் பரிசோதிக்க வருகிறவர்கள் கொழுந்து பறிக்கிற இடத்தில் நாயைக் கண்டால் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள், அதில் அவருடைய பெயர்தான் கெடும். "கினிகத்தேனையில எனக்குத் தெரிஞ்ச வீடு ஒன்னு இருக்குது, பெரிய வளவு," என்றார். "நாய் உங்க கட்டுப்பாட்டுல இல்லாட்டி அங்க அனுப்பிடுவோம். அதுக்கும் நல்லதுதான்." நல்லதுதான். வீட்டைச் சுற்றிப் பெரிய வளவு, ஓடி விளையாடும். எனக்குத்தான் அது இல்லாமல் ஆகாது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கூப்பிட முடியாதவன் நாயை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று ஃபோனில் தேடினேன். வெள்ளைக்காரர்கள் இந்த நாய்களுக்குக் கை காட்டிப் பழக்குகிறார்கள். ஒரு விசில் அடித்தால் எங்கே இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து எசமானைத் திரும்பிப் பார்க்கவேண்டும். கையை வலப்பக்கம் நீட்டினால் அந்தப் பக்கம் ஓடவேண்டும், இடப்பக்கம் நீட்டினால் இந்தப் பக்கம். கையை மேலே தூக்கினால் திரும்பி நேரே இன்னும் தூரம் போகவேண்டும். எனக்கென்றே செய்து வைத்தது போல இருந்தது.

ஹட்டனில் விசில் வாங்கப் போனேன். விளையாட்டுச் சாமான் விற்கிற முஸ்லிம் கடைக்காரர், நாங்கள் நாநா என்று கூப்பிடுகிறவர், என்னைக் கண்டு எழுந்தே வந்துவிட்டார். "எத்தன மாசமாச்சு ஐயா! எங்கடா ஆளக் காணல்லயேன்டு பார்த்தேன்." விசில் வேண்டும் என்று சைகை காட்டினேன். "மேட்ச்சுக்கா?" நாய்க்கு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, கடையில் இருந்த விசில்களை எல்லாம் ஒவ்வொன்றாக ஊதிக் காட்டினார். தெருவில் போன பொலிஸ்காரர் நின்று எட்டிப் பார்த்தார்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மானாப்புல் போட்டிருந்த ஒரு மலை உண்டு. புல்லை வெட்டியிருந்தார்கள். அங்கேதான் பழக்கினேன். வெற்றுப் பிளாஸ்டிக் போத்தலில், பெண்கள் பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியைச் சுற்றிக் கட்டி, அதைத்தான் வாத்து என்று வைத்துக்கொண்டோம்.

வலது கையை மூன்று நாளில் பிடித்துக்கொண்டது. இடது கைக்குப் பத்து நாள். காரணம் நாய் இல்லை, மலை. வீடியோவில் தரை மேசை மாதிரி இருக்கிறது. எங்கள் ஊரில் பக்கவாட்டில் போ என்றால் காலே கீழே இழுக்கும். நாய் நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு சரிந்து சரிந்து ஓடைக்கே போய்ச் சேரும். கையைக் கொஞ்சம் மேல் பார்க்க நீட்டவேண்டும் என்று எனக்குப் புரிகிறவரை இரண்டு பேரும் ஓடையில்தான் நின்றோம்.

எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வருவது தோட்டத்துக்கே தெரிந்த விஷயம். வாயைத் திறந்து கத்துவேன், காற்று வரும். நாய் தலையைச் சாய்த்து என் வாயையே பார்க்கும், உள்ளே ஏதாவது தின்னக் கிடைக்குமா என்பது போல. இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும் கத்துவதை விட்டேன். கோபத்தைச் செலவழிக்க இடமில்லாமல் போகவே, கோபமே கொஞ்சம் குறைந்தது. இதை மனைவி என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாவது சைகைதான் கஷ்டம். எசமானை விட்டு விலகி, மேலே தூரமாகப் போவது எந்த நாய்க்கும் பிடிக்காது போல. அதற்கு மூன்று வாரம் போனது.

ஒரு நாள் எனக்கு லீவு. காலையிலேயே நாயோடு புல்மலைக்குப் போய்விட்டேன். ஆற்றுக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில், என் பிரிவுப் பெண்கள் நாற்பது பேர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி பார்த்துக்கொண்டிருந்தார், ஆகவே நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விசில் அடித்தேன். பாதி மலையில் நாய் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. கையை நேராக மேலே தூக்கினேன். சட்டென்று திரும்பி, அம்பு மாதிரி நேரே மேலே ஓடியது! உச்சியில் இருந்த சவுக்கு மரத்தடிவரை போய்ப் போத்தலைக் கவ்வியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தூக்கிய கையை இறக்கவே மறந்துபோய் நின்றேன்.

நாய் திரும்பி வந்த பிறகுதான் எதிர்மலையைப் பார்த்தேன். அங்கே ஒரு ஆள் இல்லை.

நாற்பது பேரும் கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு, வரிசையாக மடுவத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பகல் நிறுவைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நான் விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். மடுவத்து வாசலில் மனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கென்று பார்த்து வந்திருந்தார்.

"ஐயா கை காட்டுனாருங்க சேர்," என்றார் கங்காணி. "விசில் கேட்டுச்சு, பார்த்தோம். கை மேல இருந்துச்சு. நல்லா ரொம்ப நேரம் தூக்கிக் காட்டுனாரு."

நான் மூச்சிரைக்க நின்றேன். நாய் போத்தலை வாயில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்து வாலை ஆட்டியது.

மனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நான் ஒரு மாசம் லீவுல போறேன். திரும்பி வந்து பார்ப்பேன். அதே எடம், ஆளுங்க எதிர்மலையில நிக்கணும். நாய் மேல போகணும், ஒருத்தரும் கீழ எறங்கக் கூடாது. அது முடியலன்னா கினிகத்தேனைதான். சரிதானே கண்டாக்கு?"

சரி என்று தலையாட்டினேன். எனக்கு அது பெரிய கஷ்டமாகவே தோன்றவில்லை. நாய்க்கு மூன்று வாரம் பாடுபட்டுப் பழக்கியதை மாற்றுவதை விட, பெண்களுக்கு வேறு சைகை சொல்லிவிடுவது சுலபம். அவர்கள்தான் ஒரே நாளில் பழகுகிறவர்கள் ஆயிற்றே. மறுநாள் காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்கு வந்து நின்றபோது, கங்காணியிடம் சொல்லி அறிவிக்கச் சொன்னேன்: இனிமேல் கையைத் தூக்கினால் அது நாய்க்கு, நிறுவைக்கு என்றால், தலையில் கட்டுகிற துண்டை ஆட்டுவேன்.

தோட்டத்துச் சங்கத்தில் மாதர் தலைவியாக இருக்கிறவர் முன்னால் வந்தார். என் வயதுதான் இருக்கும், நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் மலையில் பறிக்கிறவர்.

"ஐயா, இருவது வருசம் ஒங்க சத்தத்தக் கேட்டோம். சத்தம் போயி கை வந்துச்சு. பாவம் மனுசன்னு அதையும் கேட்டோம். இப்ப நாய்க்கு எடஞ்சலா இருக்குன்னு எங்கள மாறச் சொல்றீங்களா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நாங்கதாங்க மொதல்ல வந்தோம். நாய மாத்துங்க," என்று சொல்லிவிட்டுப் படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மதியம் சாப்பிடவில்லை. வீட்டில் நடந்ததை மனைவியின் காதுக்குள் சொன்னேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். "அவங்க சொன்னதுல என்னங்க பிழை?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குப் புத்தி வர மூன்று நாள் எடுத்தது. கத்துகிற காலத்தில் நான் அவர்களை என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். கத்துகிறபோது ஒன்றும் ஞாபகத்தில் நிற்காது. சும்மா இருக்கிறபோது எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது.

நாயை மாற்றினேன். இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சருகே வைத்துக் கதவைத் தள்ளுவது போல முன்னால் தள்ளினால் மேலே போகவேண்டும் என்று புதிதாகப் பழக்கினேன். நாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. சரியாகச் செய்ததற்கு ரொட்டித் துண்டு கொடுத்தவன் திடீரென்று ஏன் அதை வேண்டாம் என்கிறான்? உட்கார்ந்து என்னைப் பார்க்கும், பிறகு மேலே பார்க்கும், பிறகு படுத்துவிடும். விடிந்ததும் ஒரு தரம், வேலை விட்டதும் ஒரு தரம், மழையிலும் போனேன். மாதம் முடிகிறபோது பத்துத் தடவையில் ஏழு தடவை போனது. மற்ற மூன்று தடவைக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரவில் தூக்கம் போய்விட்டது.

மனேஜர் திரும்பி வந்த இரண்டாம் நாள் சொல்லி அனுப்பினார். நல்ல வெயில், துளி மேகம் இல்லை. எதிர்மலையில் நாற்பது பேரும் நின்றார்கள். மனேஜர் தாமே மேலே ஏறி, போத்தலைச் சவுக்கு மரத்தடியில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். நாயை அனுப்பினேன். பாதி மலையில் விசில் அடித்தேன். உட்கார்ந்து திரும்பிப் பார்த்தது. அதுவரைக்கும் சரி.

இரண்டு கையையும் தள்ளினேன். நாய் அசையவில்லை.

மறுபடி தள்ளினேன். வாலால் புல்லைப் பெருக்கியது, அவ்வளவுதான். மனேஜர் தொண்டையைச் செருமினார். கினிகத்தேனை வளவும், சங்கிலியைக் கவ்வி வர நாய் இல்லாத விடியற்காலையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. மூன்றாவது முறை தள்ளத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் வலது கை என்னைக் கேட்காமல் தானாக எழுந்து, நேராக மேலே போய் நின்றுவிட்டது.

நாய் உடனே திரும்பி மேலே ஓடியது.

நான் நாயைப் பார்க்கவில்லை, எதிர்மலையைப் பார்த்தேன். விசில் சத்தத்துக்கே எல்லாத் தலையும் நிமிர்ந்திருந்தன. நாற்பது பேரும் என் கையைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி சாக்கை இறுக்கக் கையைக் கொண்டு போனாள். முடிந்தது என்று நினைத்தேன். தலைவி ரோட்டோரக் கடைசி நிரையில் நின்றார். அவர் என்னைப் பார்த்தது இங்கிருந்தே தெரிந்தது. பிறகு ஒன்றுமே நடக்காதது போலச் செடிமேல் குனிந்தார். அடுத்தவள் அவரைப் பார்த்தாள், குனிந்தாள். அப்படியே நிரை நிரையாக நாற்பது தலையும் இறங்கின. கையை எப்போது கீழே போட்டேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

மனேஜர் அதுவரை மேலே ஓடிய நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நம்புகிறேன். நாய் போத்தலோடு வந்தது. அவர் திரும்பி எதிர்மலையைப் பார்த்தார். ஒருவரும் இறங்கவில்லை. கொழுந்து பறிப்பதைத் தவிர உலகத்தில் வேறு வேலையே இல்லை என்பது போல எல்லோருடைய கையும் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி கண்டாக்கு," என்றார். "நாய் இருக்கட்டும்."

அவர் என் கையைப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

பகல் நிறுவையில் தலைவி தன் சாக்கைத் தராசில் மாட்டினார். நான் பக்கத்தில் போய், பிழை என்னுடையதுதான் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிழைங்க? காலையில மலையில ஒரே பனிமூட்டம். எங்களுக்கு ஒன்னுமே தெரியல."

பின்னால் நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மடுவத்துத் தகரம் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது.

"நாய்க்கு நல்லாச் சொல்லிக்குடுங்க ஐயா," என்றார் சாக்கை இறக்கிக்கொண்டே. "அடுத்த தடவ வெயிலடிக்கும்."

வீட்டுக்குப் போனேன். நாயைப் பின்னால் வாய்க்காலில் தண்ணீர் குடிக்க விட்டுவிட்டு நான் முன்னால் ஓடினேன். வாசலில் ஒரு பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. நாயின் போர்வை, சோற்றுத் தட்டு, பூச்சி மருந்து, இரண்டு பொட்டலம் பிஸ்கட். மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள். நான் தனியாக வருவதைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கொண்டு போயிட்டாங்களாங்க?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஓடி வந்த களைப்பிலும் சந்தோஷத்திலும் காற்றுக்கூட வரவில்லை. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மாதக்கணக்கில் சனியன், சனியன் என்று திட்டியவள், குலுங்கிக் குலுங்கி அழுதாள். அதற்குள் நாய் வளைவில் திரும்பி ஓடி வந்து அவள் மடிமேல் ஈரக் காலை வைத்தது.

அதன் பிறகு எனக்குக் கிடைத்த திட்டைச் சொல்லி முடியாது. தலையை ஆட்டத் தெரியாதா, கையை ஆட்டத் தெரியாதா, ஊரெல்லாம் கை காட்டுகிற மனுசனுக்குக் கட்டின பெண்டாட்டிக்கு ஒரு கை காட்ட வராதா என்று பையை அவிழ்த்துக்கொண்டே திட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நான் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் எல்லாவற்றையும் கேட்டேன்.